வெளிர்பச்சைப் பொத்தான்

டாக்டர் எழுதிக் கொடுத்த கேள்விகள் ஐந்து. முதல் கேள்வி இப்படி இருந்தது: “கடந்த ஒரு நாளில் தங்கள் காலுறையில் ஈரமோ கறையோ காணப்பட்டதா?” அதன் அடியில் ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். மற்ற நான்கும் அதே ஜாடைதான். பாதத்தின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தீர்களா, துர்நாற்றம் உண்டா, காய்ச்சலோ குளிர்நடுக்கமோ இருந்ததா, அதற்காக மாத்திரை ஏதேனும் உட்கொண்டீர்களா.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கால் போய்விடாமல் காப்பாற்றிக்கொள்வதற்கு ஒரு செயலி. அந்த அலுவலகத்தில் ஐந்து பேர் சேர்ந்து செய்துகொண்டிருந்த வேலை அதுதான். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. கீழே யாராவது எழுத்துப் பலகையைத் தப்புத் தப்பாகப் படிக்கும் சத்தம் படிக்கட்டில் ஏறி வரும். அந்த ஐந்து பேரில் ஒருத்தி அவள்; திரையில் வருகிற ஒவ்வொரு வார்த்தையும் அவள் பொறுப்பு. யார் எதை எழுதிக் கொடுத்தாலும் ஒற்றுப்பிழையைச் சுழித்துத் திருப்பிக் கொடுப்பாள் என்பதால் அவளுக்கு அங்கே டீச்சர் என்று பெயர். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் பாதியில் விட்டுப் போனார்கள் என்று புள்ளிவிவரம் எடுப்பவனுக்குப் புள்ளி என்று பெயர். அந்தப் பெயரையும் அவள்தான் வைத்தாள்.

முதல் வெள்ளோட்டம் படுத்துவிட்டது. பாதிக்கு மேற்பட்டவர்கள் டாக்டரின் கேள்விகளைத் தொடவே இல்லை. காரணம் கேட்டுப் புள்ளி சிலருக்கு ஃபோன் செய்தான். ஒரு பெரியவர், “ஏன் தம்பி, கோர்ட்ல சம்மன் அனுப்புற மாதிரி கேக்குறீங்க, நான் என்ன தப்புப் பண்ணினேன்?” என்று கேட்டாராம்.

அதன் பிறகுதான் அவள் ஐந்து கேள்விகளையும் அடித்துவிட்டு ஒன்றாக்கினாள். வீட்டு மனிதர்கள் கேட்பது போல் கேட்டால்தான் நம் ஆட்கள் வாயைத் திறப்பார்கள் என்பது அவள் வாதம். செயலியில் பதிவு செய்யும்போதே, தன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவரவரே சொல்லிவிடலாம். அண்ணா, அக்கா, அம்மா, ஐயா, தம்பி, தங்கச்சி. எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு கட்டம் வைத்தாள். படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் குரலும் வேண்டும் என்றாள். வெளியாளை வைக்க மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. எனவே கூட்ட அறையின் ஜன்னலில் பழைய மெத்தையைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்க அவளே பேசிப் பதிவு செய்தாள். “அண்ணா, இன்னைக்குக் கால் எப்படி இருக்கு?” என்ற வரி மட்டும் முதல் தடவையிலேயே சரியாக வந்தது. சொல்லிப் பழகிய வார்த்தை.

பதிலுக்கு மூன்று பொத்தான்கள். நல்லா இருக்கு, பரவாயில்லை, சரியில்லை. முதலாவது பச்சை, கடைசி சிவப்பு. நடுவில் இருப்பதற்கு நிறம் முடிவு செய்யும்போதுதான் கொஞ்சம் பேச்சு நடந்தது.

“பரவாயில்லைக்கு என்ன கலர் டீச்சர்? மஞ்சளா?” என்றான் புள்ளி.

“மஞ்சள்னா பயந்துடுவாங்க. வெளிர்பச்சை வை. சாப்பாடு எப்படின்னு உன்னைக் கேட்டா என்ன சொல்லுவே?”

“பரவாயில்லைம்பேன்.”

“அப்ப அது பச்சைதானே?”

“யார் சமைச்சாங்கன்றதைப் பொறுத்து டீச்சர்.”

எல்லோரும் சிரித்தார்கள். வெளிர்பச்சை என்று முடிவாயிற்று.

சிவப்பை அழுத்தினால் உடனே ஒரு நர்ஸ் கூப்பிடுவார். எந்த நிறமானாலும், வீட்டு மனிதர் என்று யாரைப் பதிவு செய்திருக்கிறார்களோ அவருடைய ஃபோனுக்கும் தகவல் போகும். இரண்டாவது வெள்ளோட்டத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் தினமும் பதில் சொன்னார்கள். திரை முழுக்கப் பச்சையும் வெளிர்பச்சையும். மேனேஜர் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டினார். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமத்திலிருந்து வியாழக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

வெள்ளோட்டத்தில் அவள் அண்ணனும் இருந்தான். பேக்கரி ஒன்றில் வேன் ஓட்டுகிறவன். விடிவதற்கு முன் ரொட்டியை ஏற்றிக் கிளம்பினால் கடை கடையாக இறக்கிவிட்டுத் திரும்பப் பத்து மணி ஆகும். சர்க்கரை வந்து பல வருடம். செயலியை அவன் ஃபோனில் ஏற்றி, வீட்டு மனிதர் என்ற இடத்தில் தன் எண்ணைப் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். தினமும் பத்து மணி சுமாருக்கு அவள் மேசையில் ஃபோன் ஒரு முறை அதிரும். அண்ணன், வெளிர்பச்சை. பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைப்பாள். அன்றைக்கு அண்ணனிடம் பேசிவிட்டது போலவே இருக்கும். அதனால் தனியாகக் கூப்பிடுவதும் குறைந்துபோனது.

செவ்வாய்க்கிழமை மதியம் அண்ணி ஃபோன் செய்தாள். அண்ணி சாதாரணமாக ஆபீஸ் நேரத்தில் கூப்பிடுகிறவள் அல்ல.

“வேலை முடிஞ்சு நேரா இங்க வந்துட்டுப் போறியா?”

“என்ன அண்ணி?”

“உங்கண்ணன் பத்து நாளா சாக்ஸைக் கழட்ட மாட்டேங்கிறாரு. தூங்கும்போதும் போட்டுட்டே தூங்குறாரு. கேட்டா குளிருதாம். இந்த வெயில்ல யாருக்குக் குளிரும், நீயே சொல்லு.”

அவள் போனபோது அண்ணன் முன்னறையில் சோபாவில் உட்கார்ந்திருந்தான். இடது காலை முன்னாலிருந்த ஸ்டூலில் நீட்டி, அதன்மேல் ஒரு துண்டைப் போட்டிருந்தான். ஜன்னல் சாத்தியிருந்தது. அறை முழுக்கப் பவுடர் வாசனை, பச்சைக் குழந்தை இருக்கிற வீடு மாதிரி. அதற்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது.

“வா பாப்பா. புகார் போயிடுச்சா?” என்று சிரித்தான்.

“சாக்ஸைக் கழட்டுண்ணா.”

“இப்பத்தான் பவுடர் போட்டு மாட்டினேன்.”

“கழட்டு.”

“வந்ததும் வராததுமா என்ன அதிகாரம்? முதல்ல உட்காரு. டீ குடி. உங்கண்ணி இன்னைக்கு அதிசயமா நல்ல டீ போட்டிருக்கா.”

“பேச்சை மாத்தாதீங்க,” என்றாள் அண்ணி. “அவ கேட்டாலாவது காட்டுவீங்கன்னுதான் வரச் சொன்னேன்.”

கடைசியில் அவளே குனிந்து கழற்றினாள். முனைப்பகுதி ஒட்டிக்கொண்டு வரவில்லை. வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, நனைத்து நனைத்து எடுத்தாள். பெருவிரலுக்கு அடுத்த இரண்டு விரல்களும் கறுத்திருந்தன. அவற்றுக்குக் கீழே, பாதம் தரையில் பதிகிற இடத்தில் ஒரு குழி. பவுடர் ஈரத்தோடு சேர்ந்து குழைந்து அதை அடைத்திருந்தது. அண்ணி தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்து விட்டுவிட்டு அவள் அழுவது கேட்டது.

“வலிக்கலையாண்ணா?”

“வலிச்சாத் தெரியாதா? அந்தக் கால் எங்கிட்டப் பேசியே ரொம்ப நாளாச்சு. கிளட்ச் எங்க இருக்குன்னு குனிஞ்சு பாத்துத்தான் மிதிக்கிறேன்.”

வேடிக்கை போலத்தான் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“இவ்வளவு ஆகியிருக்கு. தினமும் பரவாயில்லை, பரவாயில்லைன்னு போட்டிருக்க.”

“பின்ன என்னன்னு போடுறது? நீ ஆபீஸ்ல நாலு பேருக்கு நடுவுல உட்கார்ந்திருப்ப. நான் சரியில்லைன்னு போட்டா நீ போட்டது போட்டபடி ஓடி வருவ. எதுக்கு?”

“நான் கேக்கலைண்ணா. அது செயலி கேக்குறது.”

“என்ன செயலி? உன் குரல்தானே. அண்ணான்னு கூப்பிட்டு, கால் எப்படி இருக்குன்னு நீ கேக்குற. ஒரு தங்கச்சிகிட்டப் போய் என் கால் அழுகுதுன்னா சொல்லுவாங்க?”

அவள் ஈரமான காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நீண்ட அறையைத் திரைச்சீலைகளால் தடுத்துக் கட்டில்கள் போட்டிருந்தார்கள். பக்கத்துத் தடுப்பில் யாரோ விடாமல் இருமிக்கொண்டிருந்தார்கள். அறுவை மருத்துவர் அதிகம் பேசாதவர். கையுறை போட்டுக்கொண்டு பாதத்தை அங்குமிங்கும் அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு கட்டில் ஓரத்தில் நின்று கேட்டார்.

“எத்தனை நாளா இருக்கு?”

அண்ணன் ஒரு கணம் தங்கையைப் பார்த்தான். “ஒரு வாரம் இருக்கும் சார்.”

“காய்ச்சல் இருந்துச்சா?”

“அதெல்லாம் இல்லை சார்.”

நர்ஸ் வெப்பமானியைப் பார்த்துச் சாதாரணம் என்றார். மருத்துவர் யோசித்தார்.

“ஒரு வாரம், காய்ச்சல் இல்லைன்னா, ரெண்டு விரலை எடுத்துட்டுப் புண்ணைச் சுத்தம் பண்ணி, மருந்து ஏத்திச் சனிக்கிழமை வரைக்கும் பாக்கலாம். பாதத்தைக் காப்பாத்த வாய்ப்பு இருக்கு. ரத்தப் பரிசோதனை முடிவு சாயங்காலம் வரும். ஆனா நீங்க சொல்றது சரியா இருக்கணும். வேகமாப் பரவுற கிருமியா இருந்தா நான் காத்துக்கிட்டு இருக்கக் கூடாது.”

“சரிதான் சார்.”

அவர் அடுத்த தடுப்புக்குப் போனதும் அண்ணன் தலையணையில் சாய்ந்தான். முகத்தில் ஒரு தெளிச்சி. “கிளட்ச் மிதிக்க ரெண்டு விரல் எதுக்கு? மூணு போதும். மாசம் முடியறதுக்குள்ள வண்டியில ஏறிடுவேன்,” என்றான் அண்ணியிடம்.

“ஏறுவீங்க. வாயாலயே வண்டி ஓட்டுவீங்க,” என்றாள் அண்ணி. ஆனால் அவளுக்கும் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

அப்போது தலையணைக்குப் பக்கத்திலிருந்த அவன் ஃபோன் பேசியது. “அண்ணா, இன்னைக்குக் கால் எப்படி இருக்கு?”

கூட்ட அறையில் மெத்தை சாத்திப் பேசிய குரல். கனிவாக, கொஞ்சம் இழுத்து, கடைசியில் உயர்ந்து. தானே எதிரில் இருக்கும்போது தன் குரல் கட்டிலிலிருந்து வருவதை அவள் கேட்டாள். அண்ணன் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கட்டுப் போடுவதற்காகப் பாதம் திறந்து கிடந்தது; நர்ஸ் இடுக்கியில் பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தார். அவன் கைக் கட்டைவிரல் தானாகப் போய் நடுப் பொத்தானை அழுத்தியது. அவள் பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

சற்றுமுன் மருத்துவருக்குச் சொன்ன பதிலும் இதே பதில்தான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. கேட்டது அவராக இருந்தாலும், கேட்டுக்கொண்டு நின்றவள் தங்கை. அவளுக்காகச் சொன்னான். அந்தப் பதிலை நம்பி அவர் சனிக்கிழமை வரை காத்திருக்கப் போகிறார்.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்து கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றாள்.

“நீங்க சில கேள்விக்குப் பதில் சொல்லணும். ஆமா, இல்லைன்னு மட்டும்.”

“என்னது, நீங்களா?” அண்ணன் சிரித்தான். “என்ன பாப்பா, புது மரியாதையெல்லாம்?”

“உங்க காலுறையில ஈரம் இருந்துச்சா?”

“நேத்து நீயேதான பாத்த.”

“ஒரு மாசத்துக்கு முன்னாடி இருந்துச்சா?”

சிரிப்பு போகவில்லை, ஆனால் அதில் இப்போது ஒன்றும் இல்லை. “ஏய், என்ன இது? விசாரணையா?”

“ஆமாவா, இல்லையா?”

“இவ என்னடி இப்படிக் கேக்குறா?” என்று அண்ணியைப் பார்த்தான். அண்ணி அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா,” என்றான்.

“கெட்ட வாடை வந்துச்சா?”

“ஆமா. அதுக்குத்தான் பவுடர்.”

“காய்ச்சலோ நடுக்கமோ இருந்துச்சா?”

பக்கத்துத் தடுப்பில் இருமல் நின்று மறுபடி தொடங்கியது. ‘அண்ணா’ என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் அவன் தப்பித்துக்கொள்வான் என்று தெரிந்து அடக்கிக்கொண்டாள்.

“நடுக்கம் இருந்துச்சா, ஆமாவா இல்லையா?”

“இருந்துச்சு. ரெண்டு நாளா. வேனை ஓரங்கட்டி, ரொட்டி மூடுற சாக்கைப் போத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.”

“அதுக்கு மாத்திரை எடுத்தீங்களா?”

“எடுத்தேன்.”

“இன்னைக்கு?”

“கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு.”

“தலைவலின்னு சொன்னீங்களே,” என்றாள் அண்ணி. அவ்வளவு மெதுவாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

நர்ஸ் இடுக்கியைத் தட்டில் வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடப் போனார். அண்ணன் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். “போதுமா?” என்றான்.

மருத்துவர் திரும்பி வந்தார். எல்லாவற்றையும் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார். மாத்திரை காய்ச்சலை மறைத்திருக்கிறது என்றார். கணுக்காலுக்கு மேலே விரலால் ஒரு கோடு போல இழுத்து, இந்தச் சிவப்பு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்றார். சனிக்கிழமைப் பேச்சே அதற்குப் பிறகு வரவில்லை. மதியமே செய்ய வேண்டும். விரல்களோடு நிற்காது, பாதத்தின் முன்பாதியை எடுக்க வேண்டும். குதிகால் நிற்கும், கால் நிற்கும். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே பேச வேண்டியிருக்கும்.

கையெழுத்துப் போடும்போது அண்ணன் அவள் பக்கம் திரும்பவில்லை. “ரெண்டு விரலோட போயிருக்கும்,” என்று அண்ணியிடம் சொன்னான். “இவ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா ரெண்டு விரலோட போயிருக்கும்.”

“அப்படி இல்லைங்க. டாக்டர் சொன்னாரே.”

“எனக்குத் தெரியும் என் காலைப் பத்தி.”

படுக்கையோடு தள்ளிக்கொண்டு போனபோதும் அவன் அவளிடம் பேசவில்லை. லிப்ட் கதவு மூடியபின் அண்ணி அவள் கையைப் பிடித்தாள்.

வியாழக்கிழமை காலை ஆபீஸிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். அறுவை நல்லபடி முடிந்தது, அண்ணன் தூங்குகிறான் என்று அண்ணி சொன்னதால் அவள் போனாள். போகவும் வேண்டியிருந்தது. முந்தின நாள் சாயங்காலமே புள்ளியிடம் ஒரு கணக்கு எடுக்கச் சொல்லியிருந்தாள்.

“நீங்க சொன்ன மாதிரிப் பிரிச்சுப் பாத்தேன் டீச்சர்,” என்றான் புள்ளி. படிக்கட்டிலேயே காத்துக்கொண்டிருந்தான். “அண்ணா, அக்கான்னு கூப்பிடச் சொன்னவங்க யாருமே அனேகமா சிவப்பை அழுத்தலை. எதுவும் வேண்டாம்னு கட்டத்துல போட்டவங்க அழுத்தியிருக்காங்க. நல்லாவே அழுத்தியிருக்காங்க.”

“அவங்களுக்கு மட்டும் கால் மோசமா இருக்குன்னா?”

“அப்படி இருக்க வழியில்லை. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆளுங்கதான்.”

கீழே கடையில் ஒரு பெண் எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள். தெரியாத எழுத்தையும் தெரிந்தது போல் சொல்லிக்கொண்டு போனாள்.

வந்தவர்கள் மூன்று பேர். மேனேஜர் சுவரிலிருந்த படத்தைக் காட்டினார். குரலைப் போட்டுக் காட்டினார். “அம்மா, இன்னைக்குக் கால் எப்படி இருக்கு?” வந்தவர்களில் ஒரு பெண்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்கம்மாவை யாராவது தினமும் இப்படிக் கேட்டா எவ்வளவு நல்லா இருக்கும்,” என்றார். அத்தை, சித்தப்பாவெல்லாம் சேர்க்க முடியுமா என்று விசாரித்தார். ஒரே நாளில் சேர்க்கலாம் என்றார் மேனேஜர்.

“அந்தக் குரலை எடுத்துடணும்,” என்றாள் அவள்.

மேனேஜர் சிரித்து மழுப்பப் பார்த்தார். அவள் விடவில்லை. யாரையும் பார்க்காமல், ஒப்பிப்பது போல் சொன்னாள். வீட்டு மனிதர் குரலில் கேட்டால் வீட்டு மனிதருக்குச் சொல்கிற பதில்தான் வரும். கேட்கிறவர் மனசு நோகக் கூடாது என்று சொல்கிற பதில் அது. அதற்கு நாம் பச்சை அடித்து வைத்திருக்கிறோம். இந்தச் சுவரில் இருப்பது கால்களின் நிலைமை இல்லை, மரியாதை.

வந்தவர்கள் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“மஞ்சளாக்கிடலாம்,” என்றார் மேனேஜர். “வெளிர்பச்சையை மஞ்சளாக்கிட்டாப் போச்சு. புள்ளி, அஞ்சு நிமிஷ வேலைதானே?”

“கலர் இல்லை சார் பிரச்சினை.”

“டீச்சர், குரல் இல்லாமப் பழைய கேள்வியைக் கேட்டப்ப எவன் பதில் சொன்னான்? பதிலே வராத செயலியை வச்சு யாரைக் காப்பாத்தப் போறீங்க? உங்க வீட்ல நடந்தது கஷ்டம்தான். ஒத்துக்கிறேன். ஒரு அண்ணனுக்காக எல்லாத்தையும் கலைக்க முடியுமா?”

அவர் கேட்டதில் பாதி நியாயம் இருந்தது. அதுதான் அவளைத் தொந்தரவு செய்தது. வந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள். குரல் மிகவும் பிடித்திருக்கிறது, மற்றதை யோசித்துச் சொல்கிறோம் என்று கைகுலுக்கிப் போனார்கள். மஞ்சளானால் எந்த மஞ்சள் என்று மேனேஜர் படிக்கட்டு வரை அவர்களிடம் பேசிக்கொண்டே போனார்.

அவள் மேசைக்குப் போய், தொடர்ந்து வெளிர்பச்சை அழுத்துகிறவர்களின் எண்களைக் கேட்டாள். புள்ளி எடுத்துக் கொடுத்துவிட்டுத் தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்கள். முதலில் எடுத்த பெண், அவள் குரலைக் கேட்டதுமே, “நீயா கண்ணு, தினமும் கேக்குறியே நீதானா? அக்கா நல்லா இருக்கேன்டா,” என்றாள். அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

“இது உங்கள் கால் பற்றிய விசாரணை. ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் காலுறையில் ஈரம் காணப்பட்டதா?”

அந்தப் பக்கம் குரல் சுருங்கியது. “ஏன், என்ன ஆச்சு? யாரும்மா பேசுறது?” என்றாள். பிறகு, “ஆமா,” என்றாள்.

சிலர் திட்டி வைத்தார்கள். சிலர் பதில் சொன்னார்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டியவர்களும் அதில் இருந்தார்கள். எல்லா எண்ணும் முடிவதற்குள் பார்வையாளர் நேரம் நெருங்கிவிட்டது. மீதியைத் தான் பார்த்துக்கொள்வதாகப் புள்ளி சொன்னான்.

அவள் வார்டுக்குள் போவதற்கு முன் அறுவை மருத்துவரைத் தாழ்வாரத்தில் பிடித்து, கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டாள். உள்ளே அண்ணன் விழித்திருந்தான். போர்வை இடது பக்கம் சீக்கிரமே தாழ்ந்துபோயிருந்தது. அண்ணி இவளைக் கண்டதும், மருந்து வாங்கிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். மருந்துச்சீட்டு மேசையிலேயே இருந்தது.

அண்ணன் வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எப்படி இருக்கு என்று கேட்கவில்லை.

“டாக்டரைப் பாத்தியா?” என்றான் கடைசியில். நேற்று மதியத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

“பாத்தேன்.”

“வண்டி ஓட்டுறதைப் பத்திக் கேட்டியா?”

“கேட்டேண்ணா.”

“என்ன சொன்னாரு?”

ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம், இப்போது எதற்கு அந்தப் பேச்சு. எத்தனையோ வார்த்தைகள் தயாராக வந்து நின்றன. எல்லாமே கனிவானவை.

“கிளட்ச் வண்டி ஓட்ட முடியாதுன்னாரு. முன்பாதம் இல்லாம அழுத்தம் வராதாம். ஆறினதும் நடக்கலாம், விசேஷமாச் செருப்பு செஞ்சு போட்டுக்கிட்டு. வேன் முடியாது.”

அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் ஒரு முறை ஏறி இறங்கியது. அவள் தொடவில்லை, தொட்டால் அவன் சமாளித்துக்கொண்டு ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வேண்டியிருக்கும். எதிர்க் கட்டிலில் இருந்தவரின் மனைவி அவருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள்.

“பேன்ட்டு எங்க?” என்றான் அண்ணன்.

“இந்த அலமாரியிலதான்.”

“பாக்கெட்ல வண்டிச் சாவி இருக்கும். பேக்கரில குடுத்துடு. ரெண்டு நாளா ஆள் வச்சுத் தள்ளுவண்டியில அனுப்பிக்கிட்டு இருப்பாங்க.”

அவள் அலமாரியைத் திறந்து பேன்ட்டை எடுத்தாள். மடிப்புகளிலிருந்து மாவு உதிர்ந்தது. சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கதவு வரை போய்விட்டாள்.

“இரு,” என்றான் அண்ணன். இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். “ரெண்டாவது கியர் விழாது. முழுசா மிதிச்சு, ஒரு நிமிஷம் நிறுத்தித்தான் போடணும். அவசரப்பட்டா உறுமும். புதுசா வர்றவனுக்குத் தெரியாது. மறக்காமச் சொல்லு.”

“முழுசா மிதிச்சு, நிறுத்திப் போடணும்.”

“ஒரு நிமிஷம் இல்லை. ஒரு மூச்சு நேரம்.”

“சரிண்ணா,” என்று அவள் திருத்திக்கொண்டாள்.